ஐபி டிப்ளமோ: பாடத்தேர்வுப் படிவத்திலேயே நடந்துவிடும் தவறுகள்

ஐபி டிப்ளமோ, பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் படிக்கும் படிப்பு. ஜெனீவாவில் 1968-இல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் பக்கலோரியட் அமைப்பு இதை நடத்துகிறது. இரண்டாம் ஆண்டில் திண்டாடும் ஒரு மாணவரின் சிக்கலைப் பின்னோக்கித் தேடிப் போனால், பல நேரம் அது பாடத்தேர்வுப் படிவத்தை நிரப்பிய நாளில் போய் நிற்கும். படிப்பில் பின்தங்கியவர் கூடுதலாக உழைத்து மேலே வந்துவிடலாம். ஆனால் பொருந்தாத பாடத்தை எடுத்தவர் அதில் முழு மதிப்பெண் வாங்கினாலும், விரும்பிய பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் போகலாம். அதனால்தான் சேர்வதற்கு முந்தைய சில வாரங்களுக்கு இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

முதலில் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பாடங்கள் ஆறு தொகுதிகளாக இருக்கும்: நன்றாகத் தெரிந்த மொழியில் இலக்கியம், இரண்டாவது மொழி, வரலாறு பொருளாதாரம் போன்ற சமூகப் பாடங்கள், அறிவியல், கணிதம், கலை. தொகுதிக்கு ஒன்றாக ஆறு பாடம் எடுக்க வேண்டும். கலை வேண்டாம் என்றால் முதல் நான்கு தொகுதிகளில் இருந்து இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். ஆறில் மூன்றை, விரும்பினால் நான்கை, ஹையர் லெவலில், அதாவது ஹெச்எல்லில் படிக்க வேண்டும். மற்றவை ஸ்டாண்டர்ட் லெவல், எஸ்எல். ஒரு பாடத்துக்கு அதிகபட்சம் 7 என்று ஆறு பாடத்துக்கு 42 புள்ளி. அறிவு எப்படி உருவாகிறது என்று அலசும் தியரி ஆஃப் நாலெட்ஜ் என்கிற டிஓகே, நீண்ட ஆய்வுக் கட்டுரையான எக்ஸ்டெண்டட் எஸ்ஸே, கலை, உடற்பயிற்சி, சேவை சார்ந்த செயல்பாடுகளான சிஏஎஸ் மூன்றும் சேர்ந்த மையப் பகுதியில் 3 புள்ளி. ஆக மொத்தம் 45.

பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கடைசியில் யோசிப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். "முதலில் பிடித்த பாடத்தை எடுக்கட்டும், கல்லூரியை அப்புறம் பார்க்கலாம்" என்பது கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் ஐபி மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகங்கள் படிக்கும் விதம் வேறு. மொத்தப் புள்ளியோடு எந்தப் பாடம், எந்த நிலை, அதில் எவ்வளவு என்பதையும் பார்க்கிறார்கள். பிரிட்டனில் இடம் தரும்போது "மொத்தம் 38, ஹெச்எல்லில் 6, 6, 6, அவற்றில் ஒன்று கணிதம்" என்ற மாதிரிதான் நிபந்தனை வரும். 42 புள்ளி வாங்கியும் கணிதம் எஸ்எல்லில் இருந்தால் அந்த இடம் கிடைக்காது.

பொறியியல் என்றால் பல இடங்களில் கணிதமும் இயற்பியலும் ஹெச்எல்லில் கேட்பார்கள். பிரிட்டிஷ் மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் வேதியியலை ஹெச்எல்லில் கேட்கும். உயிரியலையும் சேர்த்துக் கேட்பவை நிறைய. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஐபி கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சேர்க்கையின்போது பெரும்பாலும் பார்க்கப்படுவது கணிதம். அமெரிக்காவில் குறிப்பிட்ட பாடம் வேண்டும் என்ற நிபந்தனை குறைவு. அங்கே சேர்ந்த பிறகு கிரெடிட் தருவதற்குத்தான், அதாவது கல்லூரிப் பாடத்தை முடித்ததாகக் கணக்கில் எடுப்பதற்குத்தான், ஹெச்எல் மதிப்பெண் பயன்படும். 5 அல்லது அதற்கு மேல் என்று வரம்பு வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் பல.

ஜெர்மனியின் விதி பலரை எதிர்பாராமல் தாக்கும். நேரடிச் சேர்க்கைக்கு மூன்று ஹெச்எல்லில் ஒன்றாவது கணிதமாகவோ இயற்கை அறிவியலாகவோ இருக்க வேண்டும். ஆங்கிலம், வரலாறு, பொருளாதாரம் மூன்றையும் ஹெச்எல்லில் எடுத்த ஒருவர், அங்கே போய் வரலாறு படிக்க விரும்பினாலும் இந்த விதி அவரைத் தடுக்கும். படிவம் நிரப்பும் நாளில் இது தெரிந்திருந்தால் உயிரியலை ஹெச்எல்லுக்கு ஏற்றி, இன்னொன்றை இறக்கியிருப்பார்.

மருத்துவத்தில் வேறொரு கண்ணி உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையுமே கேட்கும் நாடுகள் இருக்கின்றன. ஐபியின் வழக்கமான அமைப்பில் அறிவியல் தொகுதியில் ஒன்று, கலைக்குப் பதிலாக ஒன்று என்று இரண்டு அறிவியலைத்தான் எடுக்க முடியும். மூன்றாவது வேண்டுமென்றால், பல்கலைக்கழகம் அதைக் கேட்கிறது என்பதற்கான ஆதாரத்தோடு பள்ளி மூலம் ஐபி அமைப்பிடம் தனி அனுமதி பெற வேண்டும். எல்லாப் பள்ளிகளும் இதற்கு முன்வருவதில்லை, கால அட்டவணையில் இடமும் இருக்காது. சேரும் முன்பே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டால் "இந்த ஆண்டு முடியாது" என்ற பதில்தான் வரும்.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் ஒரு வார இறுதி முழுக்க வேண்டும். மாணவர் யோசித்துப் பார்க்கும் இரண்டு மூன்று துறைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாடுகளில் இரண்டிரண்டு பல்கலைக்கழகம் தேர்ந்து, அவற்றின் சேர்க்கைப் பக்கத்தில் ஐபிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மொத்தப் புள்ளி, ஹெச்எல் மதிப்பெண், கட்டாயப் பாடம், எந்தக் கணிதம், எந்த மொழி என்று கட்டம் போட்டு நிரப்புங்கள். இடைத்தரகர்களின் பட்டியலை நம்ப வேண்டாம். அவை பழையதாக இருக்கும். இரண்டு துறைகளுக்கும் பொதுவாக வரும் பாடங்கள் கண்ணில் பட்டுவிடும். அவைதான் ஹெச்எல்லுக்கான முதல் வேட்பாளர்கள்.

துறையே முடிவாகாத பிள்ளைக்கு? கணிதத்தில் அனாலிசிஸ் வகை (விளக்கம் அடுத்த பகுதியில்), ஒரு முழு அறிவியல் பாடம், கட்டுரை எழுதும் ஒரு பாடம் இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலான பாதைகள் திறந்தே இருக்கும். அறிவியலில் வேதியியல் இரண்டு பக்கமும் உதவும். மருத்துவம், உயிர்வேதியியல், கெமிக்கல் இன்ஜினியரிங் எல்லாவற்றிலும் அது வரும்.

கணிதம்: இரண்டு பெயர், இரண்டு நிலை, நான்கு வேறு பாதை

2021 முதல் நடக்கும் தேர்வுகளில் ஐபி கணிதம் இரண்டு வகை. ஒன்று அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ். பள்ளிகளில் ஏஏ என்பார்கள். மற்றது அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரிடேஷன், ஏஐ. இரண்டுமே எஸ்எல்லிலும் உண்டு, ஹெச்எல்லிலும் உண்டு. "ஏஐ எளிது, ஏஏ கடினம்" என்ற ஒரே வரியில் இதை முடித்துவிடுவதுதான் தவறு.

ஏஏ என்பது இயற்கணிதம், சார்புகள், நுண்கணிதம், நிறுவல் என்று போகும். அதன் முதல் தாளில் கால்குலேட்டர் கிடையாது. ஹெச்எல்லில் கலப்பு எண்கள், தொகுத்தறி முறை நிறுவல், முப்பரிமாண வெக்டர், மெக்லாரின் தொடர், வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் வரும். ஏஐ-இல் எல்லாத் தாளுக்கும் கிராஃபிக் கால்குலேட்டர் உண்டு. புள்ளியியல் சோதனைகள், மாதிரியாக்கம், வோரோனாய் வரைபடம், ஹெச்எல்லில் அணிகள், கிராஃப் தியரி என்று தரவு சார்ந்து நகரும். ஏஐ ஹெச்எல் எளிதான பாடம் அல்ல. அதற்கு வேறு வகை மூளைப்பயிற்சி வேண்டும்: நீளமான கேள்வியைப் படித்து, எந்தக் கருவியைப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்க வேண்டும்.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், ஏஐ எஸ்எல் எடுத்தவர் பின்னர் பொறியியல், இயற்பியல், கணிதம் சார்ந்த பொருளாதாரம் பக்கம் மனம் மாறும்போது. பல பல்கலைக்கழகங்கள் இவற்றுக்கு ஏஏ ஹெச்எல் என்று பெயர் சொல்லியே கேட்கின்றன. சில ஏஏ, ஏஐ எதுவானாலும் ஹெச்எல்லாக இருந்தால் ஏற்கின்றன. ஏஐ எஸ்எல்லை இந்தத் துறைகளில் ஏற்பது அரிது. ஏஏ-இல் இருந்து ஏஐ-க்கு மாறுவது முதல் சில மாதங்களில் முடிகிற காரியம். எதிர்த்திசையில் மாறுவது ஒவ்வொரு வாரம் தாமதமாகும்போதும் கடினமாகும். எனவே சந்தேகம் இருந்தால் ஏஏ-இல் தொடங்குவது பாதுகாப்பு. அதே நேரம், உளவியல், சமூகவியல், பிசினஸ், சூழலியல் பக்கம் உறுதியாகப் போகும் ஒருவரை, பெருமைக்காக ஏஏ ஹெச்எல்லில் தள்ளுவதும் சரியல்ல. அந்த ஒரு பாடம் மற்ற ஐந்தின் நேரத்தையும் தின்றுவிடும்.

ஏஏ ஹெச்எல் தாங்குமா என்று பார்க்க ஒரு வழி: பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில், கால்குலேட்டர் இல்லாமல் இருபடிச் சமன்பாடு, மடக்கை, திரிகோணமிதி முற்றொருமை, சார்புகளின் வரைபடம் ஆகியவற்றில் ஒரு மணி நேரம் கணக்குப் போடச் சொல்லுங்கள். விடை சரியா என்பதைவிட, சிக்கிக்கொண்ட இடத்தில் வேறு வழி தேடுகிறாரா என்று கவனியுங்கள். ஆசிரியரிடமும் இதையே கேளுங்கள்: "மதிப்பெண் இருக்கட்டும், பார்த்திராத கணக்கைக் கொடுத்தால் என்ன செய்கிறாள்?"

24 வந்தால் போதும் என்று நினைப்பது

டிப்ளமோ பெறக் குறைந்தபட்சம் 24 புள்ளி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கீழே இருக்கும் நிபந்தனைகளைப் படித்தவர்கள் குறைவு. ஹெச்எல் பாடங்களில் மட்டும் 12 புள்ளியாவது வேண்டும். நான்கு ஹெச்எல் எடுத்தவருக்குச் சிறந்த மூன்று கணக்கில் வரும். எஸ்எல் பாடங்களில் 9 வேண்டும். இரண்டே எஸ்எல் என்றால் 5. எந்தப் பாடத்திலும் 1 வரக்கூடாது. 2 என்ற மதிப்பெண் இரண்டுக்கு மேல் கூடாது. 3-ம் அதற்குக் கீழும் சேர்த்து மூன்றுக்கு மேல் கூடாது. டிஓகே, எக்ஸ்டெண்டட் எஸ்ஸே எதிலும் 'இ' கிரேடு கூடாது. சிஏஎஸ் முடித்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மாணவருக்கு ஹெச்எல்லில் வேதியியல் 4, உயிரியல் 4, பொருளாதாரம் 3. எஸ்எல்லில் ஆங்கிலம் 6, ஸ்பானிஷ் 5, கணிதம் 5. மையப் பகுதியில் 1. கூட்டினால் 28. ஆனால் ஹெச்எல் கூட்டுத்தொகை 11 தான், டிப்ளமோ கிடையாது. இதே மாணவர் பொருளாதாரத்தை எஸ்எல்லிலும் ஆங்கிலத்தை ஹெச்எல்லிலும் எடுத்திருந்தால்? பொருளாதாரம் எஸ்எல்லில் 4 வந்திருக்கலாம், ஆங்கிலம் ஹெச்எல்லில் ஒன்று குறைந்து 5 ஆகியிருக்கலாம். மொத்தம் அப்போதும் அதே 28. ஹெச்எல் 13 ஆகிறது. டிப்ளமோ கையில் வந்துவிடும். நிலையைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

இன்னொன்றும் இதில் அடங்கியிருக்கிறது. ஹெச்எல்லில் 7 வாங்கினாலும் எஸ்எல்லில் 7 வாங்கினாலும் புள்ளி 7 தான். ஹெச்எல்லுக்குப் போனஸ் எதுவும் இல்லை. கடினப் பாடங்களை எல்லாம் ஹெச்எல்லில் குவித்தால் மொத்தப் புள்ளி கூடும் என்ற எண்ணத்துக்கு அடிப்படை இல்லை. பெரும்பாலும் குறையத்தான் செய்யும்.

மணிக்கணக்கைப் பார்க்காமல் சேர்வது

ஹெச்எல் பாடத்துக்கு 240 மணி நேரமும் எஸ்எல்லுக்கு 150 மணி நேரமும் கற்பித்தல் வேண்டும் என்று ஐபி பரிந்துரைக்கிறது. மூன்றும் மூன்றும் சேர்த்தால் 1170. டிஓகேக்கு 100 மணி நேரம். இது வகுப்பறை நேரம் மட்டுமே. எக்ஸ்டெண்டட் எஸ்ஸேக்கு மாணவர் தரப்பில் 40 மணி நேரம் ஆகும் என்று கணக்கு. வீட்டுப்பாடம், சிஏஎஸ் எல்லாம் தனி.

நான்காவது ஹெச்எல் எடுத்தால் வகுப்பில் 90 மணி நேரம் கூடும். "முதலில் நான்கு எடுத்துக்கொள், பிறகு ஒன்றை எஸ்எல்லுக்கு இறக்கலாம்" என்று ஆலோசனை சொல்வார்கள். எது என்று முடிவாகாத மாணவருக்கு முதல் சில மாதங்களுக்கு இது உதவும். ஹெச்எல்லில் இருந்து எஸ்எல்லுக்கு இறங்குவது எளிது, ஏறுவதுதான் கடினம் என்பதும் உண்மை. ஆனால் நான்கையும் கடைசிவரை இழுத்துக்கொண்டு போவதால் பல்கலைக்கழகம் அதிகம் மதிக்கும் என்று நம்பி வைத்திருக்கக் கூடாது. மூன்றில் 7, 6, 6 வாங்கியவருக்கு முன்னால், நான்கில் 5, 5, 6, 5 வாங்கியவர் பின்தங்கித்தான் நிற்பார்.

சுமை சீராக வருவதும் இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் இன்டர்னல் அசெஸ்மென்ட், ஐஏ, அதாவது பள்ளி ஆசிரியர் மதிப்பிடும் வேலை உண்டு. அறிவியலில் சொந்தமாக ஒரு ஆய்வு செய்து 3000 சொற்களுக்குள் அறிக்கை எழுத வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம். கணிதத்தில் 12 முதல் 20 பக்கம் வரை ஒரு ஆராய்வு. அதற்கும் 20 சதவீதம். பொருளாதாரத்தில் செய்திக் கட்டுரைகளை வைத்து மூன்று விமர்சனங்கள், ஒவ்வொன்றும் 800 சொல். மொழி இலக்கியத்தில் 15 நிமிட வாய்மொழித் தேர்வு. இவையெல்லாம் இரண்டாம் ஆண்டின் முதல் பாதியில் வந்து குவியும். அதே மாதங்களில்தான் பல்கலைக்கழக விண்ணப்பங்களும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், பிரிட்டிஷ் மருத்துவக் கல்லூரிகளுக்குக் கடைசி நாள் வழக்கமாக அக்டோபர் நடுப்பகுதி. அப்போது தேர்வு முடிவு கையில் இருக்காது. ஆசிரியர்கள் தரும் பிரெடிக்டட் கிரேடுதான், அதாவது இறுதியில் என்ன வரும் என்ற கணிப்புதான் போகும். அந்தக் கிரேடு முதல் ஆண்டுப் பரீட்சையை ஒட்டியே அமையும். "முதல் ஆண்டு பழகிக்கொள்ள, இரண்டாம் ஆண்டு படித்துக்கொள்ள" என்ற திட்டம் இங்கே எடுபடாது.

டியூஷன் இருக்கிறது என்ற தைரியத்தில் கடினப் பாடங்களை அடுக்குவதும் ஆபத்து. தேர்வுத் தாளுக்கு டியூஷன் உதவும். ஐஏ, எக்ஸ்டெண்டட் எஸ்ஸே போன்றவை மாணவரின் சொந்த வேலையாக இருக்க வேண்டும். பள்ளி ஆசிரியரே ஒரு வரைவுக்குத்தான் கருத்துச் சொல்லலாம். வெளியாள் எழுதிக் கொடுத்தது தெரிந்தால் அந்தப் பாடத்துக்கு மதிப்பெண்ணே கிடைக்காது. ஒரு பாடத்தில் மதிப்பெண் இல்லாவிட்டால் டிப்ளமோவும் இல்லை.

மொழிப் பாடத்தை அசட்டையாக நிரப்புவது

முதல் மொழியில் இலக்கியம் மட்டும் படிப்பது, மொழியும் இலக்கியமும் சேர்த்துப் படிப்பது என்று முக்கியமாக இரண்டு பாதை. இலக்கியப் பாதையில் எஸ்எல்லுக்கு 9 நூல்கள், ஹெச்எல்லுக்கு 13. மொழியும் இலக்கியமும் என்றால் 4, 6. மீதி நேரம் விளம்பரம், உரை, செய்தி போன்ற பனுவல்களை அலசுவதில் போகும். வாசிப்பில் ஆர்வமில்லாத மாணவரை 13 நூல்களில் மாட்டிவிடுவது யாருக்கும் நல்லதல்ல.

இரண்டாவது மொழியில் 'அப் இனிஷியோ' என்பது அந்த மொழியை அறவே அறியாதவர்களுக்கு. எஸ்எல்லில் மட்டும் உண்டு. ஏற்கெனவே நான்கு ஆண்டு பிரெஞ்சு படித்தவர் மதிப்பெண்ணுக்காக அதில் நுழையப் பார்ப்பது உண்டு. பள்ளி அதை ஏற்கக் கூடாது. மறுபுறம், ஒரு வருடம் மட்டும் படித்த மொழியை, ஓரளவு தெரிந்தவர்களுக்கான 'பி' பாதையில் ஹெச்எல்லில் எடுத்தால், அந்த மொழியிலேயே இரண்டு இலக்கிய நூல்களைப் படிக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவே 'பி' எஸ்எல் தான் பலருக்குப் பொருந்தும்.

தாய்மொழியைக் கைவிட வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டாலும், தன் மொழியின் இலக்கியத்தை முதல் மொழியாக எஸ்எல்லில் சுயமாகப் படிக்க ஐபியில் வழி இருக்கிறது. பள்ளி மேற்பார்வை செய்யும். இரண்டு மொழிகளை முதல் மொழி நிலையில் எடுத்து இரண்டிலும் 3-க்குக் குறையாமல் வாங்கினால் இருமொழி டிப்ளமோ கிடைக்கும். வீட்டில் பேசும் மொழியில் ஆழமாக வாசிக்கிற பிள்ளைக்கு இது அருமையான வாய்ப்பு. மொழிப் பட்டியலில் உங்கள் மொழிக்கு எந்த ஏற்பாடு உண்டு என்று பள்ளியின் ஐபி ஒருங்கிணைப்பாளரிடம் சேரும் முன்பே கேளுங்கள். ஏற்பாடு செய்ய மாதங்கள் ஆகும்.

எளிது என்ற பெயரில் எடுக்கும் பாடங்கள்

விஷுவல் ஆர்ட்ஸில் எழுத்துத் தேர்வே கிடையாது என்று கேட்டு மகிழ்ந்து சேர்பவர்கள் உண்டு. தேர்வு இல்லை என்றால் இரண்டு ஆண்டும் செய்கிற ஒவ்வொரு வேலையும்தான் மதிப்பெண். ஓவியத்தில் உண்மையான ஈடுபாடு இல்லாதவருக்கு அது ஆறு பாடத்திலும் அதிக நேரம் கேட்கும் பாடமாகிவிடும். உளவியல் கதை மாதிரி இருக்கும் என்பார்கள். ஆய்வுகளை நினைவில் வைத்து, அவற்றின் முறையை எடைபோட்டுக் கட்டுரை எழுத வேண்டும். பொருளாதாரம் ஹெச்எல்லின் மூன்றாவது தாளில் கணக்கீடு வரும்.

என்விரான்மென்டல் சிஸ்டம்ஸ் அண்ட் சொசைட்டீஸ், இஎஸ்எஸ், நல்ல பாடம். சமூகப் பாடம், அறிவியல் இரண்டு தொகுதிக்கும் ஒரே நேரத்தில் கணக்கில் வரும் வசதியும் அதற்கு உண்டு. அதையே ஒரே அறிவியலாக எடுத்தால் அறிவியல், மருத்துவம், பொறியியல் படிப்புகளில் பெரும்பாலானவை கைவிட்டுப் போகும்.

தோழி எடுத்தாள், அந்த ஆசிரியர் நன்றாக நடத்துவார் என்பதெல்லாம் காரணமாக வருவது இயல்பு. ஆசிரியர் பாதியில் மாறக்கூடும். ஐபி இணையதளத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் சப்ஜெக்ட் பிரீஃப் என்ற சுருக்கக் குறிப்பு இலவசமாகக் கிடைக்கும். பாடப்பகுதி, தாள்கள், சதவீதம் எல்லாம் அதில் இருக்கும். எடுக்க நினைக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் அதை மாணவரே படிக்க வேண்டும்.

மையப் பகுதியை மூன்று புள்ளி என்று ஒதுக்குவது

டிஓகே கட்டுரை 1600 சொல், எக்ஸ்டெண்டட் எஸ்ஸே 4000 சொல். வரம்பைத் தாண்டியதைத் தேர்வாளர் படிக்க மாட்டார். இரண்டின் கிரேடையும் சேர்த்துத்தான் 3 புள்ளி: ஏ-யும் பி-யும் வந்தால் 3, சி-யும் டி-யும் வந்தால் பூஜ்யம். 37-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் இதில் இருக்கிறது.

பாடத்தேர்வோடு இது எப்படித் தொடர்புபடுகிறது என்றால், எக்ஸ்டெண்டட் எஸ்ஸேயை வழக்கமாகத் தான் படிக்கும் ஆறு பாடங்களில் ஒன்றில்தான் எழுத வேண்டும். உளவியல் படிக்காதவர் ஆசைக்கு உளவியலில் எழுதினால், துறையின் முறை தெரியாமல் பொதுக்கட்டுரையாக முடிந்து கிரேடு சரியும். எந்தத் துறையில் 4000 சொல் எழுத ஆசையோ அந்தப் பாடம் ஆறில் இருக்க வேண்டும், முடிந்தால் ஹெச்எல்லில்.

சிஏஎஸ்ஸுக்குப் புள்ளி இல்லை. ஆனால் குறைந்தது 18 மாதம் தொடர்ந்து நடந்ததற்கான பதிவுகள் இல்லாவிட்டால் டிப்ளமோ நிற்கும். கலை, உடற்பயிற்சி, சேவை மூன்றும் அதில் கலந்திருக்க வேண்டும். அதோடு, ஒரு மாதமாவது நீடிக்கும் ஒரு கூட்டுத் திட்டமும் வேண்டும். ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் இசை, விளையாட்டு ஆகியவற்றை விட்டுவிடாமல் இதற்குள் கொண்டுவந்தால் நேரம் மிச்சம்.

பள்ளியிடம் கேட்காமல் விடும் கேள்விகள்

ஐபி பள்ளி என்ற பலகையை மட்டும் பார்த்துச் சேரக் கூடாது. அங்கீகாரம் திட்டம் வாரியாகத் தரப்படுகிறது. தொடக்கநிலைத் திட்டத்துக்கு அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கு டிப்ளமோ நடத்தும் உரிமை தானாக வந்துவிடாது. 'கேண்டிடேட்' நிலையில் இருக்கும் பள்ளி அனுமதிக்காகக் காத்திருக்கிறது என்றுதான் பொருள். ஐபி இணையதளத்தில் பள்ளியின் பெயரைத் தேடினால் எந்தத் திட்டத்துக்கு அங்கீகாரம் என்று தெரியும்.

சராசரிப் புள்ளியைக் கேட்டால் எல்லாப் பள்ளியும் சொல்லும். உலக அளவில் சராசரி சமீப ஆண்டுகளில் 30-ஐ ஒட்டி இருக்கிறது. அதோடு, எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், முதல் ஆண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முழு டிப்ளமோவை விட்டு விலகினார்கள், ஏஏ ஹெச்எல்லில் எத்தனை பேர், அவர்களுக்கு வந்தது என்ன என்றும் கேளுங்கள். பன்னிரண்டு பேர் எழுதிய பள்ளியின் சராசரியில் ஒரே மாணவர் பெரிய மாற்றத்தை உண்டாக்க முடியும்.

கால அட்டவணைக் கட்டங்களையும் கேட்டு வாங்குங்கள். இயற்பியலும் பொருளாதாரமும் ஒரே கட்டத்தில் இருந்தால் இரண்டையும் எடுக்க முடியாது. பாடப் பட்டியலில் இரண்டும் இருக்கும், சேர்ந்த பிறகுதான் தெரியவரும். ஐபிக்குக் கட்டும் தேர்வுக் கட்டணம் பள்ளிக் கட்டணத்தில் அடங்குமா என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

முழு டிப்ளமோதான் வேண்டுமா

எல்லோருக்கும் வேண்டியதில்லை. மூன்று பாடங்களில் தீவிர ஆர்வம், மற்றவற்றில் வெறுப்பு என்றால், குறைந்த பாடங்களையே ஆழமாகப் படிக்கும் பிரிட்டிஷ் ஏ லெவல் போன்ற பாதை பொருத்தமாக இருக்கும். தொழில் சார்ந்து போக விரும்புபவருக்கு ஐபியிலேயே கேரியர் ரிலேட்டட் புரோகிராம் உண்டு. டிப்ளமோவின் இரண்டு பாடங்களாவது அதில் படிக்க வேண்டும். டிப்ளமோ இல்லாமல் சில ஐபி பாடங்களை மட்டும் எடுத்துத் தேர்வு எழுதவும் முடியும். ஆனால் அதைப் பள்ளி இறுதித் தகுதியாக எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று முதலில் உறுதிசெய்யாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது.

தவறாக எடுத்துவிட்டால்

முதல் நான்கைந்து வாரங்கள்தான் தங்கமான நேரம். பெரும்பாலான பள்ளிகள் பாட மாற்றத்துக்கு அந்தக் கால அளவில் ஒரு கெடு வைத்திருக்கும். அதற்குள் இரண்டு சோதனைத் தாள்களாவது வந்துவிடும். ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்தால் காரணத்தைப் பிரியுங்கள்: முந்தைய அடிப்படை விட்டுப்போனதா, அல்லது நிலை தாங்கவில்லையா? முதலாவது சில வாரத்தில் சரியாகும். இரண்டாவது என்றால் ஹெச்எல்லை எஸ்எல்லாக்குவதுதான் வழி. அப்படி இறக்குவதற்கு முன், மூன்று ஹெச்எல் மிச்சமிருக்கிறதா, நீங்கள் போட்ட பல்கலைக்கழகக் கட்டத்தில் எந்தப் பெயரை நீக்க வேண்டி வருகிறது என்று பாருங்கள்.

மே மாதத் தேர்வுக்கு ஐபியில் பதிவு செய்யும் கெடு வழக்கமாக முந்தைய நவம்பர் 15. நிலை மாற்றம் அதற்கு முன் நடந்துவிட்டால் தாளில் ஒரு திருத்தம், அவ்வளவுதான். அதற்குப் பின் கூடுதல் கட்டணம் ஆகும். அதைவிட, ஹெச்எல்லுக்கென்று செய்த ஐஏ சில பாடங்களில் எஸ்எல்லுக்குப் பொருந்தாமல் போகும். ஆகவே இரண்டாம் ஆண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே ஒருங்கிணைப்பாளருடன் உட்கார்ந்து, ஆறு பாடங்களின் நிலையையும் பெயரையும் பதிவுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏஏ என்று படித்தவரின் பெயருக்கு எதிரே ஏஐ என்று தவறாகப் பதிவாகியிருந்தால், அதைக் கண்டுபிடிக்க வேண்டிய நாள் அதுதான்.